வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்: எச்.ஐ.வி. பரிசோதனை முடிவை எப்போது நம்பலாம்?

கேள்வி: பாதுகாப்பற்ற உடலுறவு ஒன்று நிகழ்ந்து 3 கிழமையில், யாழ்ப்பாணத்துத் தனியார் ஆய்வுகூடமொன்றில் விரலில் குத்தி எச்.ஐ.வி. பரிசோதனை செய்வித்தேன். தொற்று இல்லை என்றார்கள். ஆனால் அன்று காலை தேநீர் குடித்திருந்தேன். காய்ச்சலுக்கு அன்ரிபயோட்டிக்கும் எடுத்துக்கொண்டிருந்தேன். முடிவு பிழைத்திருக்குமா? ஆவணியில் எனக்குக் கலியாணம்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கொக்குவில்

பதில்: தேநீரோ அன்ரிபயோட்டிக்கோ இம்முடிவை மாற்றுவதில்லை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது '3 கிழமை' என்பதே. விரலில் குத்திச் செய்யும் விரைவுப் பரிசோதனைகளில் பெரும்பாலானவை தேடுவது வைரஸை அல்ல, அதற்கு எதிராக உடல் உருவாக்கும் பிறபொருளெதிரிகளை. அவை கண்டறியத்தக்க அளவுக்குப் பெருகத் தொற்றிய நாளிலிருந்து 23 முதல் 90 நாட்கள் வரை செல்லலாம். நாளத்திலிருந்து குருதி எடுத்து, வைரஸின் பி24 புரதத்தையும் சேர்த்துத் தேடும் ஆய்வுகூடப் பரிசோதனையோ 18 முதல் 45 நாட்களுக்குள் தொற்றைக் காட்டிவிடும். ஆகவே உங்களுக்குக் கிடைத்த 'இல்லை' பிழையென்று சொல்வதற்கில்லை. அது காலத்துக்கு முந்திய விடை.

அந்தக் காய்ச்சல் உறவின் பின் வந்ததாயின் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். தொற்றிய 2 முதல் 4 கிழமைகளில் சிலருக்குக் காய்ச்சலும் தொண்டை நோவும் வருவதுண்டு, ஆனால் மற்றக் காய்ச்சல்களும் அப்படித்தான் வரும் என்பதால் அதை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. உறவு நிகழ்ந்து 72 மணித்தியாலத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தொடங்கியிருந்தால் மறைக்கவேண்டாம். அது பிறபொருளெதிரிகள் தோன்றுவதைப் பிற்போடக்கூடும், அதற்கேற்பப் பரிசோதனை நாளும் தள்ளிப்போகும்.

செய்யும் விதத்திலும் பிழை நேரலாம். குறித்த நிமிடங்களுக்குள் பார்க்கவேண்டிய விரைவுப் பரிசோதனைப் பட்டியை மதியச் சாப்பாடு முடித்து வந்து பார்த்தால், பிந்தித் தோன்றிய மெல்லிய கோடொன்று ஒருவரை வீணாகக் கலங்கடித்துவிடும். காலாவதியான பட்டிகளும், சித்திரை வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள் கிடந்தவையும் நம்பத்தக்கவை அல்ல. உடலின் எதிர்ப்புச்சக்தி தன் உடலையே தாக்கும் லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்களாலும் அரிதாகத் தொற்று இல்லாதவருக்கு 'உண்டு' என வரலாம். இலங்கைபோலத் தொற்று குறைவான நாட்டில் 'உண்டு' என்னும் முடிவுகளில் இத்தகைய பிழைகளின் பங்கு கூடுதலாக இருக்குமாதலால், உறுதிப்படுத்தும் பரிசோதனையின்றி ஒருவருக்குத் தொற்றென்று முடிவுகட்டுவதில்லை.

அரசாங்கப் பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் இப்பரிசோதனை இலவசம், விபரம் வெளியே போகாது. 45 நாட்கள் கடந்ததும் அங்கே நாளக் குருதிப் பரிசோதனை செய்வியுங்கள். விரைவுப் பரிசோதனை மட்டுமே கிடைக்குமாயின் 90 நாட்கள் கடக்கவேண்டும். அதுவரை ஆணுறையின்றி உறவுகொள்ளாதீர்கள், இரத்ததானமும் செய்யாதீர்கள். கலியாணத்துக்கு முன் இந்த நாட்கள் நிறையுமா என்பதை இப்போதே நாட்காட்டியில் எண்ணிப் பாருங்கள்.