நடுக்கம் தொடங்கும் முன்பே பார்க்கின்சன் நோயைக் கண்டறிய முடியுமா?

தந்தைக்குச் சில ஆண்டுகளாக வாசனை தெரியவில்லை, நடுக்கமும் இல்லை. இது பார்க்கின்சன் நோயின் தொடக்கமா என்று இப்போதே சோதிக்க முடியுமா எனக் கேட்டிருக்கிறீர்கள்.

ஆய்வு அளவில் முடியும். இந்நோயில் நரம்பணுக்களுக்குள் ஆல்ஃபா-சைனூக்ளின் என்னும் புரதம் தவறாக மடிந்து திரள்கிறது. இடுப்புப் பகுதி முதுகெலும்பில் ஊசியிட்டு எடுக்கும் தண்டுவட நீரில் அத்தகைய புரதம் துளியளவு இருந்தாலும், அதில் சேர்க்கப்படும் நல்ல புரதத்தையும் அது தன்னைப் போலவே மடித்துவிடும். பாலில் இட்ட உறைமோரைப் போல. திரள் பெருகப் பெருக, உடன் கலந்த சாயம் ஒளிரும். 1,123 பேரைக் கொண்டு 2023-இல் வெளியான ஆய்வில், நோயாளிகளில் ஏறத்தாழ 88 விழுக்காட்டினரை இச்சோதனை சரியாக இனங்கண்டது. ஆனால் எல்.ஆர்.ஆர்.கே.2 மரபணு மாற்றமுள்ள நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்கினரை அது தவறவிட்டது.

இருப்பினும் இதற்காக இப்போதே ஊசி போட்டுக்கொள்ளச் சொல்ல மாட்டேன். நோயைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை, மோப்ப இழப்புக்கோ சைனஸ், கோவிட், முதுமை எனப் பல காரணங்கள் உண்டு. தந்தை உறக்கத்தில் கனவுக்கேற்பக் கத்துகிறாரா, கைகால்களை உதறுகிறாரா என்று தாயாரிடம் கேளுங்கள். ஆம் எனில், அதுவும் இந்நோயின் முன்னறிகுறியாக இருக்கலாம் என்பதால், நரம்பியல் மருத்துவரைத் தாமதமின்றிப் பாருங்கள்.