ஹூக் எழுதியும் செக்அவுட் படிவம் மாறவில்லையா?

மின்னூல் விற்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வேர்ட்பிரஸ் தளத்தில், கடை வசதி தரும் வூகாமர்ஸ் பிளகினைப் போட்டுக் கடை நடத்துகிறேன். நான் விற்பதற்கு வாங்குபவரின் முகவரி தேவையில்லை. பணம் கட்டும் செக்அவுட் பக்கத்தில் அந்தக் கட்டங்களை எடுக்க, இணையத்தில் கிடைத்த ஒரு ஹூக்கை (பிளகினின் செயலை மாற்றும் சிறு நிரல்), தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் ஒட்டினேன். எதுவும் மாறவில்லை. 'அட்மின் பாஸ்வேர்டு கொடுங்கள், பிளகினையே திருத்தித் தருகிறேன்' என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். பிளகின் கோப்பில் கை வைத்தால், அடுத்த அப்டேட் வந்ததும் அந்தத் திருத்தம் அழிந்துவிடும். மறுபடியும் அவரிடமே போய் நிற்பீர்கள். சிலருக்கு அதுதான் பிழைப்பே. இன்னும் சிலர், கட்டணப் பிளகினின் திருட்டுப் பிரதியைப் போட்டுவிட்டு, தங்களுக்கென ஒரு அட்மின் கணக்கையும் விட்டுவைத்துப் போகிறார்கள். இதற்கு முன் யாரிடமாவது வேலை கொடுத்திருந்தால், இப்போதே டாஷ்போர்டில் 'யூசர்ஸ்' பகுதியைத் திறந்து, தெரியாத அட்மின் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள்.

சரி, ஹூக் ஏன் வேலை செய்யவில்லை? நீங்கள் ஒட்டியது 'வூகாமர்ஸ்_செக்அவுட்_ஃபீல்ட்ஸ்' என்ற ஃபில்டர் வகை ஹூக்காகத்தான் இருக்கும். அது, சதுர அடைப்புக்குறிக்குள் எழுதும் ஷார்ட்கோடு வழியே வரும் பழைய படிவத்துக்கு மட்டுமே உரியது. 2023 இறுதியில் வந்த வூகாமர்ஸ் 8.3 பதிப்பிலிருந்து, புதிதாகத் தொடங்கும் கடைகளுக்கு, எடிட்டரில் பெட்டிபெட்டியாக அடுக்கும் பிளாக் வகைச் செக்அவுட்தான் தானாக வருகிறது. அது இந்த ஃபில்டரைக் கண்டுகொள்வதே இல்லை. பிழைச்செய்தியும் வராது. ஒரே வேலைக்கு இரண்டு படிவங்களை வைத்துவிட்டு, எது எதற்கு என்று கடைக்காரரையே கண்டுபிடிக்க விடுவது என்ன நியாயம்?

செக்அவுட் பக்கத்தை எடிட்டரில் திறந்து பாருங்கள். படிவத்தைக் கிளிக் செய்ததும் அது பிளாக்காகத் தெரிந்தால், பக்கவாட்டு அமைப்புகளிலேயே தொலைபேசி, நிறுவனப் பெயர், முகவரியின் இரண்டாம் வரி ஆகியவற்றை மறைக்கலாம். அதற்கு நிரல் கோடே வேண்டாம். உங்களுக்கு முழு முகவரியும் போக வேண்டும் என்பதால், பிளாக்கை எடுத்துவிட்டு அங்கே செக்அவுட் ஷார்ட்கோடைப் போடுங்கள். உங்கள் ஹூக் உடனே உயிர்பெறும்.

அந்தக் கோடு, மூலத் தீமின் மேல் தனியாக அமையும் சைல்ட் தீமில் இருக்கட்டும். மூலத் தீமும் அப்டேட் ஆகும், அதில் ஒட்டியது அழியும். 'பில்லிங்' பட்டியலில் வேண்டாத கட்டங்களை அன்செட் செய்து நீக்கியபின், பட்டியலைத் திருப்பித் தரும் (ரிட்டர்ன்) கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் எல்லாக் கட்டங்களும் காணாமல் போகும்.

பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் கட்டத்தை மறைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கண்ணுக்குத்தான் மறையும், கட்டாயம் நிரப்ப வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கும். வாங்குபவர் ஆர்டர் பொத்தானை அழுத்துவார். 'தெரு முகவரி தேவை' என்று சிவப்பில் வரும். அதை நிரப்பத் திரையில் இடமே இருக்காது. அப்புறம் அவர் ஏன் திரும்பி வரப்போகிறார்?

நாடு என்ற கட்டத்தை மட்டும் விட்டுவையுங்கள். வரிக் கணக்குக்கும் பல பேமென்ட் கேட்வேகளுக்கும் அது தேவைப்படும்.