இடுப்புவலியும் அசதியும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: வயது 38, எடை 55 கிலோ. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் தைக்கிறேன். ஒரு வருடமாகக் கீழ்முதுகு வலி. காலுக்கு இறங்கவில்லை; எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். மதியம் 3 மணிக்கு மேல் கை ஓய்ந்துவிடுகிறது. காலையில் டீயும் பன்னும், மதியம் சாம்பார் சாதம், ராத்திரி தோசை. மாதவிலக்கு 7 நாள் நீடிக்கிறது. மெடிக்கலில் வலி மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் வாங்கிப் போடுகிறேன். பலனில்லையே?
– வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் அந்த வலி மாத்திரையை நிறுத்துங்கள். டைக்ளோஃபினாக் போன்றவற்றை அடிக்கடி, அதுவும் டீயும் பன்னும் மட்டும் இறங்கிய வயிற்றில் போட்டால் இரைப்பை புண்ணாகி, வெளியே தெரியாமல் ரத்தம் கசியும். மாதவிலக்கிலும் ஏழு நாள் ரத்தம் போகிறது. 3 மணிக்குக் கை ஓய்வதற்கு ரத்தசோகைதான் காரணமோ என்பது என் முதல் சந்தேகம். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, வைட்டமின் டி, டி.எஸ்.எச். (தைராய்டு) பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 12-க்கு மேல் இருந்தாலும் ஃபெரிட்டின் குறைவாக இருக்கலாம், அதுவே அசதியைத் தரும். மகப்பேறு மருத்துவரையும் ஒருமுறை பாருங்கள். கர்ப்பப்பையில் கட்டி இருந்தால் என்ன சாப்பிட்டும் ஈடுகட்ட முடியாது.

இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தால் கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடாதீர்கள். கால்சியம் இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது. டீயும் அப்படித்தான். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ குடியுங்கள். மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம், அது மாத்திரையின் நிறம். ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. உடம்பின் இரும்புச் சேமிப்பு நிரம்ப மேலும் 2, 3 மாதம் ஆகும்.

உங்கள் எடைக்கு நாளொன்றுக்கு 45 கிராம் புரதம் வேண்டும். இப்போதைய சாப்பாட்டில் அதில் பாதி வந்தாலே அதிகம். காலையில் 2 முட்டை (12 கிராம்), 11 மணிக்கு ஒரு கைப்பிடி வறுத்த கடலை (7 கிராம்), சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல் (6 கிராம்) சேர்த்தால் கணக்கு சரியாகிவிடும். முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் கீரையின் இரும்பு கொஞ்சம்தான் உடம்பில் சேரும். கூடவே எலுமிச்சையோ அரை நெல்லிக்காயோ இருக்கட்டும். அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் வாரம் ஒருமுறை ஆட்டு ஈரல் அல்லது சுவரொட்டி (மண்ணீரல்), கீரையைவிட வேகமாக வேலை செய்யும்.

இனி முதுகு. இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்பு வட்டுகள் நீரை இழுத்து உப்பும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்தால் அவற்றின் மேல் அழுத்தம் கூடுதல். எழுந்த கையோடு குனிந்து வாசல் பெருக்கி, குடம் தூக்குகிறவர்களுக்கு 10 மணிக்கே வலி பிடிப்பது இதனால்தான். அந்த வேலைகளைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள், அல்லது குந்தி உட்கார்ந்து செய்யுங்கள்.

கம்பெனியில் பெடல் எட்டாமல் ஸ்டூலின் நுனியில் உட்காராதீர்கள். ஸ்டூலை மெஷினுக்கு அருகே இழுத்து, இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரமாக இருக்கும்படி உட்காருங்கள். தாழ்வாக இருந்தால் 2 அங்குல ஸ்பாஞ்சு போடலாம். அரை மணிக்கு ஒருமுறையாவது, பண்டல் மாற்றும்போது எழுந்து, இடுப்பில் கை வைத்து 5 முறை பின்னால் சாயுங்கள்.

வீட்டில் இரண்டு பயிற்சி போதும். ஒன்று, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நேராக நீட்டி 8 விநாடி நிறுத்துவது. பக்கத்துக்கு 6 முறை. காலை இடுப்பு மட்டத்துக்கு மேல் தூக்கினால் முதுகு குழிந்து வலி கூடும். கீழ்முதுகில் ஒரு பிளாஸ்டிக் டம்ளரை வைத்துச் செய்து பாருங்கள், விழக்கூடாது. இரண்டாவது, மல்லாந்து படுத்து முழங்கால் மடக்கி இடுப்பைத் தூக்கும் சேது பந்தாசனம், 10 முறை. தொடையின் பின்பக்கம் பிடித்துக்கொண்டால் குதிகால்கள் இடுப்பிலிருந்து தள்ளியிருக்கின்றன, இடுப்பை நோக்கி இழுத்துக்கொள்ளுங்கள். 20 நிமிட நடையும் சேரட்டும். ஆறு வாரமாவது விடாமல் செய்தால்தான் வித்தியாசம் தெரியும்.

கேள்வி: வயது 63. கொஞ்ச தூரம் நடந்தால் இரண்டு காலும் மரத்துப்போகின்றன, உட்கார்ந்தால் சரியாகிறது. யோகா வகுப்பில் புஜங்காசனம் (குப்புறப் படுத்து மார்பைத் தூக்கிப் பின்னால் வளைவது) சொல்லித் தந்தார்கள். செய்தால் அதிகமாகிறது.
– வாசகர், கும்பகோணம்

பதில்: நிறுத்திவிடுங்கள். நரம்பு போகும் பாதை குறுகியிருக்க வாய்ப்பு உண்டு. பின்னால் வளைந்தால் அது மேலும் குறுகும். முழங்காலை மார்போடு அணைப்பதும், உடற்பயிற்சி சைக்கிள் மிதிப்பதும் உங்களுக்கு ஒத்துவரும். காலுக்கு ரத்தம் போகும் குழாய் அடைத்தாலும் இதே போல இருக்கும், ஆகவே கால் நாடியையும் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர் கட்டிக்கொண்டாலோ, தொடை இடுக்கில் உணர்ச்சி போனாலோ, பாதம் தொங்கினாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: முதுகுவலிக்காரர்கள் வெறும் தரையில்தான் படுக்க வேண்டுமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: வேண்டாம். குழி விழாத, நடுத்தரக் கெட்டியான இலவம் பஞ்சு மெத்தை போதும். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.