கணினி கேள்வி-பதில்: பாஸ்வேர்டைச் சரிபார்க்க மென்பொருள் வேண்டாம்

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். வெளியூர் வியாபாரத்துக்காக ஆரம்பித்த மெயில் ஐடிகளே முப்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. எது வேலை செய்கிறது என்று தெரியவில்லை. எல்லா ஐடி, பாஸ்வேர்டையும் ஒரே ஃபைலில் போட்டால் தானாகவே லாகின் செய்து பார்த்துச் சொல்லும் மென்பொருளை அக்கா மகன் டெலிகிராமிலிருந்து இறக்கித் தந்திருக்கிறான். இலவசம். ஓட்டலாமா?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: வேண்டாங்க. அந்த ஃபைலையே தயார் செய்யாதீர்கள்.

இந்த ரக மென்பொருளுக்குப் பெரிய வாடிக்கையாளர்கள் திருடர்கள்தான். எங்கோ ஒரு தளத்திலிருந்து ஐடியும் பாஸ்வேர்டும் கசியும். 2019 ஜனவரியில் வெளியான ‘கலெக்‌ஷன் 1’ என்ற கசிவுத் தொகுப்பில் மட்டும் சுமார் 77 கோடி மெயில் முகவரிகள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக லாகின் செய்து பார்ப்பது மென்பொருளின் வேலை. எல்லா இடத்திலும் ஒரே பாஸ்வேர்டு வைத்தவருடைய மெயில் திறந்துகொள்ளும். அப்படித் திறந்தவற்றை, மென்பொருளை இலவசமாகக் கொடுத்தவனுக்கும் சத்தமில்லாமல் அனுப்பிவிடும் பதிப்புகள் நிறைய உலவுகின்றன.

அது சொல்லும் விடையையும் நம்ப முடியாது. வெறும் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு உள்ளே போகும் வெளிச் செயலிகளைத் தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்த ஆரம்பித்தது. அதனால் நன்றாக இருக்கும் கணக்கையும் ‘வேலை செய்யவில்லை’ என்று காட்டக்கூடும்.

உங்கள் தொழிலை நினைத்தால்தான் எனக்குப் பயம். உள்ளே வந்தவன் பாஸ்வேர்டை மாற்ற மாட்டான். மாற்றினால் உங்களுக்குத் தெரிந்துவிடுமே. அஸ்தம்பட்டியில் என் சர்வீஸ் கடைக்கு வந்த ஒரு வியாபாரியின் மெயிலில் பார்த்தேன்: ‘பேமென்ட்’ என்ற சொல் வரும் கடிதம் எல்லாம் வேறொரு முகவரிக்குப் போய்விட்டு, இன்பாக்ஸிலிருந்து அழிந்துவிடும்படி ஃபில்டர் போட்டிருந்தது. வாங்குபவருக்குப் போன பில்லில் எடை, டச் (வெள்ளியின் தரம்), கூலி எல்லாம் சரி. பேங்க் அக்கவுண்ட் நம்பர் மட்டும் வேறு.

ஒரு சாயங்காலம் ஒதுக்கி, பிரவுசரில் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். தேவையில்லாததை மூடிவிடுங்கள். வைத்துக்கொள்வதற்கு ஒவ்வொன்றுக்கும் தனிப் பாஸ்வேர்டும், பாஸ்வேர்டோடு இன்னொரு அத்தாட்சியும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பும் போடுங்கள். செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் கட்டாயம் பாருங்கள். கம்ப்யூட்டரில் ஜிமெயில் இன்பாக்ஸின் அடியில் ‘டீடெய்ல்ஸ்’ என்பதைத் தொட்டால், எங்கிருந்து, எப்போது திறந்தார்கள் என்று தெரியும். பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, திருடன் போட்ட ஃபில்டரை விட்டுவைத்தால், கடிதங்கள் போய்க்கொண்டேதான் இருக்கும்.

ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்கள் என்றால், வேறு கருவியிலிருந்து எல்லாப் பாஸ்வேர்டையும் இன்றே மாற்றிவிடுங்கள். அந்தக் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும்வரை அதில் பேங்க் வேலை வேண்டாம். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். பையனைத் திட்ட வேண்டாம். ஆனால் அடுத்தவர் ஐடியில் இதை முயன்று பார்த்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு பாயும், மூன்று ஆண்டு வரை சிறை என்பதைச் சொல்லிவையுங்கள்.

கேள்வி: ‘உங்கள் பாஸ்வேர்டைப் பயன்படுத்தி யாரோ நுழைய முயன்றார்கள், தடுத்துவிட்டோம்’ என்று மெயில் வந்தது. தடுத்துவிட்டார்களே, அப்படியே விட்டுவிடலாமா?
- ஒரு வாசகி, ஒண்டிக்கடை, ஏற்காடு

பதில்: விடாதீர்கள் அம்மா. அறிவிப்பு உண்மையானால், உங்கள் பாஸ்வேர்டு வெளியே போய்விட்டது என்று அர்த்தம். ஆனால் இதே மாதிரி போலி மெயிலும் வரும். அதிலுள்ள லிங்கைத் தொடாமல், நீங்களாகவே கணக்கைத் திறந்து பாதுகாப்புப் பகுதிக்குப் போய்ப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதே பாஸ்வேர்டை வேறு எங்கே வைத்திருந்தாலும் அங்கேயும் மாற்ற வேண்டும்.