முன்பள்ளி ரீச்சருக்கு முதலாளி யார்?

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு கிராம முன்பள்ளியில் 11 வருடமாகப் படிப்பிக்கிறேன். 22 பிள்ளைகள், நாங்கள் இரண்டு ரீச்சர்மார். மாகாணக் கொடுப்பனவும் பெற்றோர் கட்டும் காசில் என் பங்கும் சேர்ந்தால் மாதம் 12,000 ரூபா வரும். கொடுப்பனவு சில வேளை மூன்று மாதம் பிந்தும். பிள்ளைக்கு 300 ரூபா கட்டவேண்டும், பாதிப் பேர்தான் கட்டுவார்கள். அவர்களின் நிலை தெரிந்தபடியால் கேட்க மனம் வராது. அடுத்த ஊரில் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் இருக்கும் ரீச்சருக்கோ மாதா மாதம் அரச சம்பளம். வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டால் பிரதேச செயலகத்துக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே கேட்டால் வலயத்தைக் காட்டுகிறார்கள். முன்பள்ளியை நடத்தும் எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவர், “இது சேவைதானே பிள்ளை, சம்பளம் எண்டு கேக்கலாமோ?” என்கிறார். என்னோடு படிப்பித்தவர் ஒருவர் கார்மென்ட்ஸுக்குப் போய்விட்டார். நானும் போகவா, நின்று கேட்கவா? கேட்பதென்றால் யாரிடம் கேட்பது?
— பெயர் வேண்டாம், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, கேட்கலாம். சேவை என்பது செய்பவர் தானாக விரும்பிக் கொடுப்பது. குறித்த நேரத்துக்கு வந்து, இடாப்பு எழுதி, 22 பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பு நின்று, வராத நாளுக்குக் காரணம் சொல்லவேண்டியிருந்தால் அது வேலை. வேலைக்குச் சம்பளம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேட்கப் போகுமுன் உங்கள் வேலையைக் கணக்காக்குங்கள். ஒரு சிஆர் கொப்பி எடுத்து இரண்டு கிழமைக்கு நேரம் எழுதுங்கள். 7.30 முற்றம் கூட்டியது, மலசலகூடம் கழுவியது, தண்ணீர் அள்ளி வைத்தது. 8.30 முதல் 11.30 வரை பிள்ளைகள். பிறகு காலை உணவுப் பாத்திரம் கழுவியது, பிந்தி வரும் தாய்க்காகக் காத்திருந்தது, நாளைய பாடத்துக்குச் சிரட்டையும் புளியங்கொட்டையும் தேடி எடுத்தது, மூன்று நாளாக வராத பிள்ளையின் வீட்டுக்குச் சைக்கிளில் போனது. ஒவ்வொன்றுக்கும் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் போடுங்கள். பெரும்பாலான முன்பள்ளிகளில் இப்படி எழுதினால் நாளுக்கு 6 மணித்தியாலத்துக்குக் குறையாது. மாதம் 20 நாள் என்றால் 120 மணித்தியாலம். உங்கள் 12,000 ரூபாவை அதனால் பிரித்தால் மணிக்கு 100 ரூபா, நாளுக்கு 600 ரூபா. “மூன்று மணித்தியால வேலைதானே” என்று மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து யாரும் சொன்னால், இந்தக் கொப்பியை விரித்து வையுங்கள்.

இதோடு இன்னொரு கணக்கையும் பக்கத்தில் எழுதுங்கள். தேசிய ஆகக்குறைந்த வேதனச் சட்டம் 2016ல் வந்தபோது மாதச் சம்பளம் 10,000 ரூபாவுக்குக் குறையக்கூடாது என்றது. 2025ல் திருத்தி, அந்த ஆண்டு ஏப்ரல் முதல் 27,000 என்றும் 2026 ஜனவரி முதல் 30,000 என்றும் ஆக்கினார்கள். நாட்கூலியாக எடுத்தால் 1,200 ரூபா. நீங்கள் பெறுவது அதில் பாதி.

“அப்படியென்றால் எனக்கும் 30,000 வரவேண்டுமே” என்று கேட்பீர்கள். சிக்கல் இங்கேதான் இருக்கிறது, உங்களை இரண்டு அலுவலகங்களுக்கு இடையில் அலைக்கழிப்பதும் இதுதான். அந்தச் சட்டம் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் உரியது. உங்களுக்கு முதலாளி யார்?

1987ல் வந்த 13ஆவது திருத்தம் முன்பள்ளிகளின் முகாமைத்துவத்தை மேற்பார்வை செய்வதை மாகாணசபைக்குக் கொடுத்தது. மேற்பார்வை செய்வது என்றால் நடத்துவது என்று பொருளல்ல. நடத்துவது உங்கள் ஊர்ச் சங்கம். வேறு இடங்களில் பிரதேச சபை நடத்தும், கோயிலோ தேவாலயமோ நடத்தும். மத்தியில் சிறுவர் செயலகம் கொள்கை வகுக்கிறது. அதன் வேலைகளைப் பார்க்கும் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் பிரதேச செயலகத்தில் இருக்கிறார். மாகாணக் கல்வியின் ஆள் வலயத்தில் இருக்கிறார். ஆக, உங்களை நியமித்தது சங்கம், மேற்பார்க்கிறது மாகாணம், கொள்கை கொழும்பிலிருந்து வருகிறது. உங்கள் கைக்கு வருவதை மாகாணம் ‘கொடுப்பனவு’ என்று எழுதுகிறதே தவிர ‘சம்பளம்’ என்று ஓரிடத்திலும் எழுதுவதில்லை. அந்தச் சொல் தற்செயலாக வந்ததல்ல. சம்பளம் என்று எழுதினால் எழுதியவர் முதலாளியாகிவிடுவார்.

சட்டப்படி பார்த்தால் விரல் முதலில் உங்கள் சங்கத்தின் பக்கம்தான் நீளும். ஆனால் சங்கத்தில் இருப்பவர்களோ கூலிக்குப் போகிறவர்களும் வயல் செய்கிறவர்களும். 22 பிள்ளைக்கு 300 ரூபா என்றால் முழுப்பேரும் கட்டினாலும் 6,600 ரூபாதான். அதை 1,000 ஆக்கினால் பாதிப் பிள்ளைகள் வீட்டில் நிற்கும். ஆகவே சங்கத்தோடு சண்டை பிடித்துப் பலனில்லை. அவர்களை உங்கள் பக்கம் கொண்டுவந்து, மேற்பார்க்கும் மாகாணத்திடமும் கொள்கை வகுக்கும் மத்தியிடமும் சேர்ந்து கேட்பதே வழி.

சங்கத்திடம் காசு அதிகம் கேட்க முடியாது, ஆனால் மூன்று கடதாசிகள் கேட்கலாம். ஒன்று நியமனக் கடிதம். தொடங்கிய திகதி, வேலை நேரம், பங்குக் காசு எவ்வளவு என்பது அதில் இருக்கவேண்டும். 11 வருடத்துக்குப் பிறகும் பலரிடம் இந்தக் கடிதம் இல்லை, நாளைக்கு நிரந்தர நியமனம் என்று ஒன்று வந்தால் வரிசையின் பின்னுக்கு நிற்கப்போவது அவர்கள்தான். இரண்டாவது, ஒவ்வொரு மாதமும் தலைவரோ செயலாளரோ கையொப்பமிட்ட வரவு இடாப்பின் பிரதி. மூன்றாவது, “எமது ஆசிரியைகளுக்கு வாழ்வதற்குப் போதிய மாதச் சம்பளத்தை அரசு வழங்கவேண்டும்” என்று சங்கக் கூட்ட அறிக்கையில் ஒரு தீர்மானம். தலைவர் இதற்கு உடன்படுவார் என்றே நம்புகிறோம். சேவை என்று அவர் சொல்வதன் உள்ளே ‘எங்களிடம் காசில்லை’ என்ற சங்கடம்தான் இருக்கிறது.

பெற்றோர் கட்டும் காசைச் சேர்ப்பதிலும் ஒரு சின்ன மாற்றம் உதவும். கார்த்திகை, மார்கழியில் வன்னியில் யார் கையிலும் காசு நிற்காது, எல்லாம் காலபோக வயலில் கிடக்கும். அந்த மாதங்களில் கேட்டு, வராமல், மனம் கசந்து போவதை விட, அறுவடை முடியும் மாசி, பங்குனியில் அரை வருடக் காசை ஒன்றாகவோ நெல்லாகவோ வாங்கும்படி சங்கத்தைக் கேளுங்கள். வாங்குவது பொருளாளரின் வேலையாக இருக்கட்டும், பற்றுச்சீட்டும் அவரே எழுதட்டும். ரீச்சர் தாய்மாரிடம் காசு கேட்கும் நிலை வந்தால், கட்ட முடியாத தாய் பிள்ளையை அனுப்பாமல் விட்டுவிடுவார்.

இனி பிந்தும் கொடுப்பனவு. ‘ஏன் பிந்துகிறது’ என்று வாயால் கேட்டால் ‘மேலிடத்திலிருந்து வரவில்லை’ என்ற பதில்தான் வரும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டம் இதற்கு நல்ல கருவி. வலயக் கல்வி அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள், வடக்கில் நிர்வாக மொழி தமிழ், பதிலும் தமிழில் வரவேண்டும். இதில் பலர் விடும் பிழை, ‘ஏன்’ என்று எழுதுவது. தகவலறியும் சட்டத்தில் கிடைப்பது கையிருப்பில் உள்ள பதிவுகள், விளக்கமல்ல. ஆகவே பதிவுகளையே கேளுங்கள்:

“இவ்வாண்டு இவ்வலயத்தின் முன்பள்ளி ஆசிரியர் கொடுப்பனவுக்கு ஒதுக்கப்பட்ட தொகை, இதுவரை கிடைத்த தொகை, ஒவ்வொரு தவணையும் கிடைத்த திகதி, அது ஆசிரியர்களின் வங்கிக் கணக்குக்கு அனுப்பப்பட்ட திகதி, கொடுப்பனவு பெறுவோரின் எண்ணிக்கை, தகைமை நிபந்தனைகளைக் கூறும் சுற்றுநிருபத்தின் பிரதி.”

14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். பதில் இல்லாவிட்டால் அடுத்த 14 நாளுக்குள் அந்த அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு. அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகவேண்டி வராது. காசு வந்த திகதியும் அனுப்பிய திகதியும் பக்கத்தில் பக்கத்தில் வந்தாலே தாமதம் எந்த மேசையில் என்று தெரிந்துவிடும். தாமதம் உங்கள் பக்கத்திலும் இருக்கலாம்: வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டைப் பெயரும் ஒத்துப்போகாதது, இடாப்புப் பிரதி பிந்திப் போனது, முன்பள்ளிப் பதிவைப் புதுப்பிக்காதது. அவற்றை முதலில் பார்த்துவிடுங்கள்.

சேமலாப நிதியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 11 வருடம் என்றபடியால் சொல்லவேண்டும். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி ஊழியர் 8 வீதம், முதலாளி 12 வீதம் கட்டவேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம். ஆனால் 10 பேருக்குக் குறைவானவர்களை வைத்திருக்கும் தரும நிறுவனங்களுக்கு விலக்கு இருக்கிறது. இரண்டு ரீச்சர்மார் உள்ள கிராம முன்பள்ளி பெரும்பாலும் அந்த விலக்குக்குள் விழுந்துவிடுகிறது. ஐந்தாறு ஊர் முன்பள்ளிகள் ஒரே முகாமைத்துவத்தின் கீழ் வந்தால் அந்த எண்ணிக்கையைத் தாண்டலாம். தாண்டினால் மாதா மாதம் கட்டும் பொறுப்பும் சங்கங்களின் தலையில் வரும். ஆகவே முதலில் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஆகக்குறைந்த வேதனம் உங்களுக்குப் பொருந்துமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். பதில் ‘இல்லை’ என்று வந்தாலும் அது பெறுமதியானது. ‘சட்டம் எங்களை வெளியே விட்டிருக்கிறது’ என்று அமைச்சுக்கு எழுதும்போது அந்தக் கடிதம் ஆதாரம்.

பெரிய கோரிக்கையைத் தனியே கொண்டுபோகாதீர்கள். ஏற்கனவே உள்ள முன்பள்ளி ஆசிரியர் சங்கத்தில் சேருங்கள். உங்கள் பகுதியில் அப்படியொன்று இயங்கவில்லை என்றால், தொழிற்சங்கம் பதிய ஏழு பேரின் கையொப்பம் போதும். மனு ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. மேலே கோரிக்கை, நடுவில் கொப்பியில் உள்ள கணக்கு, கீழே பதில் வேண்டிய திகதி. ‘நிரந்தர நியமனம் வேண்டும்’ என்று ஒற்றை வரியில் கேட்டால், ‘இப்போது முடியாது’ என்ற ஒற்றை வரியில் கதை முடிந்துவிடும். ஆகவே மூன்றாகப் பிரியுங்கள்: கொடுப்பனவு மாதா மாதம் 10ஆம் திகதிக்குள் வரவேண்டும், அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் தொகை உயரவேண்டும், தகைமையும் சேவைக்காலமும் உள்ளவர்களை அரச சேவையில் உள்வாங்க ஒரு கால அட்டவணை வேண்டும். முதலாவதற்குப் புதிய காசு தேவையில்லை, ஆகவே மறுக்கவும் கடினம். அது கிடைத்தால் ஆசிரியர் சங்கத்துக்கு ஆட்கள் தானாக வருவார்கள்.

வடக்கு மாகாணசபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்துபோனபடியால், மாகாணத்தில் மனு போகவேண்டியது ஆளுநருக்கும் மாகாணக் கல்வி அமைச்சின் செயலாளருக்கும். மத்தியில் சிறுவர் செயலகத்துக்கு. பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதும்போது கவனம்: முல்லைத்தீவு வன்னித் தேர்தல் மாவட்டத்தில், கிளிநொச்சியோ யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில். இரு பக்க ரீச்சர்மாரும் சேர்ந்தால் இரண்டு மாவட்ட உறுப்பினர்களுக்கும் எழுதலாம். அவர்களில் ஒருவர் மூலம் பாராளுமன்றத்தின் பொதுமனுக் குழுவுக்கும் கொண்டுபோகலாம். எல்லாம் பதிவுத் தபாலில், பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டி வையுங்கள். காலமும் முக்கியம். வரவுசெலவுத் திட்டம் நவம்பரில் வாசிக்கப்படும்போது கணக்குகள் முன்பே முடிந்திருக்கும். ஆனி, ஆடியில் மனு மேசையில் இருக்கவேண்டும்.

கொழும்பு கேட்காது என்று நினைக்கவேண்டாம். முன்பள்ளிப் பிள்ளையின் காலை உணவுக்கு ஒதுக்கிய 60 ரூபாவை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 100 ஆக்கினார்கள். மனமார வரவேற்கிறோம். அந்த உணவைப் பரிமாறி, கை கழுவிவிட்டு, கிண்ணம் கழுவி அடுக்கும் கைகளுக்கும் அதே திட்டத்தில் இடம் வேண்டும் என்பதுதான் உங்கள் கோரிக்கை.

முன்பள்ளியை மூடிப் போராடும் யோசனை வந்தால், தாய்மார் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள். முன்னறிவித்தல் இல்லாமல் மூடினால் கூலிக்குப் போகும் தாய்க்கு அன்று வேலை போகும், அவர் உங்களுக்கு எதிராகத் திரும்புவார். தாய்மாரும் பிள்ளைகளும் உங்களோடு வலய வாசலில் நின்றால் கதை வேறு.

அடுத்த ஊர் ரீச்சரைப் பற்றி. போருக்குப் பிறகு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் முன்பள்ளி ரீச்சர்மாரைத் தன் ஆட்களாக எடுத்தது. அப்போது பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்த திணைக்களம் மூன்று வயதுப் பிள்ளையின் வகுப்பறைக்குள் ஏன் வரவேண்டும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அந்தப் பெண்களும் அடுப்பெரியவேண்டும் என்றுதான் போனார்கள். அவர்களின் சம்பளத்தைக் குறையாகச் சொல்லாதீர்கள், ஆதாரமாகச் சொல்லுங்கள்: இதே மாவட்டத்தில், இதே வேலைக்கு, அரசு மாதச் சம்பளம் கொடுக்கிறது. கொடுக்க வழியில்லை என்பது சரியல்ல. அதையே கல்வியின் கீழ், எல்லோருக்கும் கொடுங்கள் என்பதே கோரிக்கை.

கார்மென்ட்ஸுக்குப் போவதா என்பதை நாங்கள் சொல்ல முடியாது. உங்கள் வீட்டில் உலை வைப்பவர் நீங்கள். போனால் அது தோல்வியும் அல்ல, பிள்ளைகளைக் கைவிட்டதும் அல்ல. நிற்பதென்றால் ஒரு கெடு வையுங்கள், அடுத்த நவம்பர் வரை என்று. அதற்கிடையில் முன்பள்ளி ஆசிரியருக்கான தேசிய தொழில் தகைமை 4ஆம் மட்டச் சான்றிதழ் இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள், அனுபவத்தை மதிப்பிட்டுத் தரும் வழியும் அதில் உண்டு. போனாலும் நின்றாலும், இந்தக் கிழமையே சங்கத்திடம் சேவைச் சான்றிதழ் வாங்குங்கள். தொடங்கிய திகதி, மாதம், வருடம், இரண்டு கையொப்பம், சங்க முத்திரை, முன்பள்ளியின் பதிவு இலக்கம் எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். மாரியில் கூரை ஒழுகும் வீடுகளில் கடதாசி நிற்காது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை பிளாஸ்ரிக் உறையில் போட்டு வேறொரு வீட்டில் வையுங்கள்.