மொழி ஆசிரியர் ஆய்வாளராக முடியுமா?

கேள்வி: பத்து ஆண்டுகளாகப் பள்ளியில் இரண்டாம் மொழி கற்பிக்கிறேன். படித்தது இலக்கியத்தில் முதுகலை. மொழி கற்றல், கற்பித்தல் போன்றவற்றை ஆராயும் பயன்பாட்டு மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றுப் பல்கலைக்கழகப் பணிக்குப் போக ஆசை. மொழியியல் படிக்காத என்னைச் சேர்த்துக்கொள்வார்களா? எந்தத் தலைப்பை எடுப்பது?

பதில்: இலக்கியப் பட்டத்துடன் சேர்த்துக்கொள்ளும் துறைகள் உண்டு, சில துறைகள் மொழியியல் அடிப்படைத் தாள்களை எழுதச் சொல்லும். அது பெரிய தடையல்ல. நான் கவலைப்படுவது தலைப்பைப் பற்றித்தான். விண்ணப்பிக்கும் ஆசிரியர்கள் பலர், பத்தாண்டு வகுப்பறை அனுபவத்தை ஓரமாக வைத்துவிட்டு, 'மொழி கற்பித்தலில் தொழில்நுட்பத்தின் பங்கு' என்பது போல யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய ஒன்றைக் கொண்டுவருகிறார்கள். உங்களை உறுத்திய கேள்வி எதுவோ அதைக் கொண்டுவாருங்கள்.

மாணவர் தவறாகப் பேசும்போது எப்படித் திருத்துவது என்று யோசிக்காத ஆசிரியர் இல்லை. ராய் லிஸ்டர், லெய்லா ராண்டா என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான். கனடாவில் பிரெஞ்சு வழியாகப் பாடம் நடக்கும் நான்கு தொடக்கப்பள்ளி வகுப்புகளில் 18 மணி நேரத்துக்குச் சற்று மேலான உரையாடலைப் பதிவுசெய்து, ஒவ்வொரு திருத்தத்தையும் வகைப்படுத்தினார்கள். ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் 55 விழுக்காடு, மாணவர் சொன்னதைத் தாமே சரியாக்கித் திருப்பிச் சொல்வது. ஆனால் மாணவர்கள் மிகக் குறைவாக எதிர்வினை காட்டியதும் அதற்குத்தான்: அப்படித் திருத்தியவற்றில் 31 விழுக்காட்டுக்கே மாணவர்கள் ஏதாவது பதில் சொன்னார்கள். மாணவரையே யோசித்துச் சொல்லத் தூண்டிய முறைகள் இதைவிட நன்றாக வேலை செய்தன. இருப்பினும் உடனே எதிர்வினை காட்டாதவர் கற்கவில்லை என்று சொல்லிவிட முடியுமா? அந்த விவாதம் பல ஆண்டுகள் நீண்டது. பல ஆய்வேடுகளுக்கு இடம் தந்தது.

இதில் கவனிக்க வேண்டியது கேள்வியின் அளவு. காதால் கேட்கலாம், எழுதி வைக்கலாம், எண்ணலாம். உங்கள் கேள்வியும் அந்த அளவுக்குச் சுருங்க வேண்டும். 'என் மாணவர்கள் ஏன் எழுதத் தயங்குகிறார்கள்' என்பது நல்ல தொடக்கம், ஆய்வுக் கேள்விக்கு அது போதாது. எந்த வயதினர், எந்த வகை எழுத்து, எந்தக் கட்டத்தில் பேனா நின்றுபோகிறது என்று குறுக்கிக்கொண்டே வாருங்கள்.

அடுத்து ஆய்வுமுறை. இலக்கியத்திலிருந்து வருபவர்கள் தடுமாறும் இடம் இதுவே. அடிப்படைப் புள்ளியியலையும், நேர்காணல்களைப் பகுத்தாய்வதையும் சேருவதற்கு முன்பே கற்கத் தொடங்குங்கள். 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம். இரண்டாம் மொழி ஆய்வாளர்கள் பயன்படுத்திய வினாத்தாள்களையும் சோதனைகளையும் 'ஐரிஸ்' என்ற இணையக் களஞ்சியத்தில் பார்க்கலாம். ஒரு கேள்வியை எப்படி அளக்கிறார்கள் என்பது அங்கே தெளிவாக விளங்கும்.

பல்கலைக்கழகத்தின் பெயரைவிட, உங்கள் ஆய்வை வழிநடத்தும் நெறியாளர் முக்கியம். அவருடைய அண்மைக் கட்டுரைகள் இரண்டையாவது படித்த பிறகு, உங்கள் கேள்வியை ஒரே பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். அவரிடம் ஆய்வை முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள்.

நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் குறைவு, போட்டி கடுமை. ஆசிரியர் பயிற்சி, பாடத்திட்ட உருவாக்கம், மொழித்தேர்வு வடிவமைப்பு ஆகியவற்றுக்கும் இதே பயிற்சி உதவும் என்பதால் அவற்றையும் மனத்தில் வையுங்கள். உதவித்தொகை எழுத்துமூலம் உறுதியாகும்வரை இப்போதைய வேலையை விடாதீர்கள்.