கோல்ஃபில் குழியை நோக்கிப் பந்தை உருட்டும் என் அடிகள், அதாவது பட்டுகள், வலப்பக்கமே தவறுகின்றன. அதற்கான மட்டையில், மெல்லிய தலை வைத்த பிளேடு பட்டரை விட்டு பெரிய தலை வைத்த மாலெட்டுக்கு மாறலாமா?

மாறலாம். ஆனால் மாலெட் என்ற ஒரே காரணத்துக்காக மாறினால் பந்து பழையபடி வலப்பக்கமே போகக்கூடும். நீங்கள் வலக்கை ஆட்டக்காரர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். வலப்பக்கம் தவறுவதற்குப் பெரும்பாலும் காரணம், பந்தைத் தொடும் நொடியில் ஃபேஸ், அதாவது பந்தில் படும் முகப்பு, வலப்பக்கம் பார்த்துத் திறந்திருப்பது. அதில் தலையின் வடிவத்தைவிட, ஷாஃப்ட், அதாவது தண்டு, தலையோடு சேரும் கழுத்துக்குப் பங்கு அதிகம்.

உங்கள் பட்டரிலேயே பாருங்கள். ஷாஃப்டைப் படுக்கைவாட்டில் ஒரு விரல்மேல் நிறுத்துங்கள். ஃபேஸ் வானத்தைப் பார்த்தால் அது ஃபேஸ் பேலன்ஸ்டு. தலையின் நுனி, அதாவது டோ, கீழே தொங்கினால் டோ ஹேங். இந்தத் தொங்கல் அதிகமாக இருந்தால், பின்னே இழுக்கும்போது ஃபேஸ் எளிதாகத் திறக்கும். திரும்பி வருவதற்குள் அது மூடியாக வேண்டும். உங்களுக்கு அது நேரத்துக்கு மூடவில்லை போலிருக்கிறது. அப்படியானால் தொங்கல் குறைந்த பட்டரை முயன்று பார்ப்பதுதான் சரி. பிளேடிலும் அது கிடைக்கும். ஷாஃப்டின் அடியில் இரண்டு வளைவு வைத்த மாலெட்டுகள் பெரும்பாலும் ஃபேஸ் பேலன்ஸ்டாக இருக்கும். ஆனால் குட்டைச் சாய்வுக் கழுத்து வைத்த மாலெட் பல பிளேடுகளைவிட அதிகமாகத் தொங்கும். கடையில் இதைக் கவனிக்காமல் வாங்குபவர்கள் நிறைய.

“நேர்கோட்டு ஸ்ட்ரோக்குக்கு ஃபேஸ் பேலன்ஸ்டு, வளைவு ஸ்ட்ரோக்குக்கு டோ ஹேங்” என்று எல்லோரும் சொல்வார்கள். தொடக்கத்துக்கு அது போதும். ஆனால் விதிப்படி பட்டரின் ஷாஃப்ட் செங்குத்திலிருந்து குறைந்தது 10 பாகை சாய்ந்திருக்க வேண்டும். சாய்ந்த ஒன்றைத் தோளால் ஆட்டினால் தலை கொஞ்சமாவது உட்பக்கம் வளைந்துதான் போகும். அதனால் வீடியோவில் வளைவை அளந்துகொண்டிருப்பதைவிட, பந்து எந்தப் பக்கம் தவறுகிறது என்பதையே நான் அதிகம் நம்புகிறேன்.

இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. 10 அடி பட்டில் பந்து 1 பாகை விலகிப் புறப்பட்டால், குழியை அடையும்போது சுமார் 2 அங்குலம் தள்ளியிருக்கும். குழியின் விட்டம் 4.25 அங்குலம். நடுவைக் குறிவைத்த பந்து அந்த ஒரு பாகையிலேயே விளிம்புக்குப் போய்விடுகிறது.

மாலெட்டின் உண்மையான பலம் வேறு. எடை ஓரங்களுக்குப் பரவியிருப்பதால், ஃபேஸின் நடுவில் படாத அடியிலும் தலை அதிகம் முறுக்கிக்கொள்ளாது, தூரமும் அவ்வளவாகக் குறையாது. உங்கள் அடி ஃபேஸில் அங்குமிங்கும் படுகிறது என்றால் அதற்காக மாலெட் வாங்குங்கள், தாராளமாக.

அப்புறம் நீளம். கடையில் பெரும்பாலும் 33 முதல் 35 அங்குலம் வரை இருக்கும். உயரத்தை வைத்து முடிவு செய்யாமல், கைகளைத் தளர்வாகத் தொங்கவிட்டு நின்று பாருங்கள். அந்த நிலையில் பட்டரின் அடிப்பகுதி தரையில் சமமாகப் படிய வேண்டும். டோ பக்கம் தூக்கி நின்றால் ஃபேஸ் லேசாக இடப்பக்கம் பார்க்கும், டோவுக்கு எதிர்முனையான ஹீல் தூக்கினால் வலப்பக்கம். பட்டரில் லாஃப்ட், அதாவது ஃபேஸின் பின்சாய்வு, குறைவு என்பதால் இதன் பாதிப்பு சிறியதுதான்.

வாங்கும் முன், சரிவில்லாத இடத்தில் 6 அடி தூரப் பட் ஒன்றை உங்கள் பழைய பட்டராலும் புதியதாலும் மாற்றி மாற்றி அடியுங்கள். தவறுபவை ஒரே பக்கம் போகாமல் இரு பக்கமும் சிதறினால் கழுத்தை மாற்றிப் பயனில்லை. முதலில் குறி வைப்பதைச் சரிபாருங்கள்.